நிமியாவின் கை ஈரம்

நிமியா அர்சாமெந்தியாவுக்கு உள்ளங்கை வேர்க்கும். விஷயம் அவ்வளவுதான். இதற்குப் போய் ஒரு மனுஷி இத்தனை வயது வரைக்கும் கையை ஒளித்து ஒளித்துப் பிழைப்பாளா என்று கேட்டால், கேட்கிறவர்களுக்கு வேர்ப்பதில்லை என்று அர்த்தம். நெற்றி வேர்த்தால் உழைப்பாளி என்பார்கள். முதுகு வேர்த்தால் வெயில் என்பார்கள்; எங்கள் என்கர்னசியோன் ஊரில் ஜனவரி என்றால் நடுக்கோடை, வேர்க்காத முதுகே கிடையாது. உள்ளங்கை வேர்த்தால் மட்டும் யாரும் ஒன்றும் சொல்வதில்லை. கை குலுக்கிவிட்டு, தங்கள் கையைப் பேசாமல் பேண்டில் துடைத்துக்கொள்வார்கள். அந்தத் துடைப்பை நிமியா பள்ளிக்கூடத்திலிருந்தே பார்த்து வருகிறாள்.

பரீட்சைத் தாளில் அவள் எழுதிய எழுத்தெல்லாம் ஊறிப்போய், கன்னியாஸ்திரி அந்தத் தாளை இரண்டு விரலால் தூக்கி வகுப்புக்கே காட்டியிருக்கிறாள். பூசையில் பாதிரியார் ஒருவருக்கொருவர் சமாதானம் சொல்லிக்கொள்ளுங்கள் என்றதும் எல்லோரும் கை நீட்டுவார்கள் அல்லவா, சரியாக அந்த நேரம் பார்த்துத்தான் நிமியாவின் செருப்பு வார் அவிழும். குனிந்து கட்டி நிமிர்வதற்குள் சமாதானம் முடிந்திருக்கும். ஒரு திருவிழாவில் மெக்கானிக் ஒருவன் அவளைப் போல்கா ஆடக் கூப்பிட்டான். நல்ல பையன், வெள்ளைச் சட்டை. பாட்டு முடிந்து பார்த்தால் அவன் தோளில் இவளுடைய ஐந்து விரலும் பதிந்திருந்தது. முகம் கழுவிவிட்டு வருகிறேன் என்று போனவள் அப்படியே வீட்டுக்குப் போய்விட்டாள். அவன் துடைத்துக்கொள்ளக்கூட இல்லை, பாவம். இவள் நின்று பார்த்தால்தானே தெரியும்! டாக்டர் கொடுத்த களிம்பு எரிந்தது, வேர்வை நிற்கவில்லை. அப்புறம் அவள் கைக்குட்டையோடு சமாதானம் ஆகிவிட்டாள்.

ஆனால் வேலை என்று வந்தால் அவளை அடித்துக்கொள்ள ஆள் இல்லை. அப்பாரிசியோ கபாஞாஸ் என்ற சர்வேயரின் ஆபீஸில் வரைபடம் போடுகிறவள். தோன் அப்பாரிசியோ என்று ஊரே மரியாதையாகச் சொல்லும் ஆள் அவர். அவர் நிலத்தை அளப்பார். வண்டி ஓட்டவும் அளவுக்கம்பு பிடிக்கவும் அளவுகளைக் கம்ப்யூட்டரில் ஏற்றவும் இஹினியோ. அளந்ததைக் கோடாகப் போடுவது நிமியா. நாலாவது ஆள் பிளாசிதா. வயதில் மூத்தவள் என்பதால் எல்லோருக்கும் ‘ஞா பிளாசிதா’. பெருக்குவது, போன் எடுப்பது, வருகிறவர்களை உட்கார வைப்பது, இவை எல்லாவற்றையும்விட முக்கியமாகத் தெரெரே ஊற்றுவது அவள் பொறுப்பு. மாட்டுக்கொம்புக் குவளையில் யெர்பா இலைத்தூள், மேலே ஐஸ் தண்ணீர், ஒரே ஒரு உறிஞ்சுகுழல். ஒரே குவளைதான் எல்லோர் கைக்கும் போய்ப் போய்த் திரும்பும். அது இல்லாமல் எங்கள் பக்கம் ஆபீஸ் என்று ஒன்று நடந்ததாக நான் கேள்விப்பட்டதில்லை.

கோடு போடுவது என்றால் நாற்காலியில் சாய்ந்துகொண்டு செய்கிற வேலை என்று நினைத்துவிடக் கூடாது. பாதி நாள் வயலில்தான். வண்டியின் முன்சீட்டில் லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு, நிலத்துக்காரர் ஜன்னல் வழியாக எட்டிப் பார்க்கப் பார்க்க, இதோ உங்கள் எல்லை, இதோ ஓடை என்று காட்ட வேண்டும். மவுஸை அங்கே எதன் மேல் உருட்டுவது, தொடையிலா? விரலால் தடவுகிற டச்பேட் இருக்கிறதே, அது நிமியாவுக்கு ஜென்ம விரோதி. ஈரம் பட்டால் அதற்குப் பைத்தியம் பிடித்துவிடும். திரையில் அம்பு அங்கே குதிக்கும், இங்கே குதிக்கும், கேட்காததைப் பிடித்து இழுக்கும்.

அவளைக் காப்பாற்றி வந்தது ஒரு பழைய கறுப்பு லேப்டாப். அவளுக்கு முன்னால் அந்த நாற்காலியில் இருந்தவர் விட்டுப்போனது. எழுத்துக் கட்டைகளுக்கு நடுவில் சிவப்பாக ஒரு ரப்பர் குமிழ் இருக்கும். தடவ வேண்டியதில்லை, விரலை வைத்து லேசாகத் தள்ளினால் அம்பு நகரும். விரல் ஈரமா உலர்ந்ததா என்று அது கேட்பதில்லை. ஆபீஸில் அதற்கு ‘மச்சம்’ என்று பேர். “உனக்கென்னம்மா, மச்சக்காரி” என்று இஹினியோ கிண்டல் பண்ணுவான். உண்மையிலேயே அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தாள் அவளும். அந்தச் சிவப்புக் குமிழ் இருக்கிற வரைக்கும் அவள் கையைப் பற்றி யாருக்கும் தெரிய வேண்டியதில்லை.

அது போன டிசம்பரில் செத்தது. திறந்தால் திரை வரவில்லை. ரிப்பேர்காரர் உதட்டைப் பிதுக்கினார். தோன் அப்பாரிசியோ தன் மகளின் பழைய லேப்டாப்பைக் கொண்டுவந்து கொடுத்தார். மச்சம் கிடையாது, டச்பேட். நிமியா கைக்குட்டையால் விரலைத் துடைப்பாள், ஒரு கோடு போடுவாள், மறுபடி துடைப்பாள். ஒரு நாள் கம்பிரெத்தா பக்கம் ஒரு தோட்டத்தில், வண்டிக்குள் அடுப்பு மாதிரி கொதிக்கிற வெயிலில், நிலத்துக்காரர் ஜன்னல் வழியாகத் தோளோரம் குனிந்து மூச்சு விட விட, அம்பு குதித்து எல்லைக்கோட்டைப் பிடித்து இழுத்துவிட்டது. அவள் கவனிக்கவில்லை. அப்படியே சேமித்துவிட்டாள்.

அந்தக் கோட்டின்படி வேலி போட்டதில் பக்கத்து வீட்டுக்காரரின் மாமரம் இந்தப் பக்கம் வந்துவிட்டது. இரண்டு பேரும் சம்பந்திகள் வேறு. கேட்க வேண்டுமா? கத்தியோடு வந்து வேலியை வெட்டி, ஞாயிற்றுக்கிழமை விருந்தை நிறுத்தி, பேச்சுவார்த்தையை நிறுத்தி, கடைசியில் ஆபீஸுக்கு வந்து கத்தினார்கள். தோன் அப்பாரிசியோ தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு இரண்டு வீட்டிலும் போய் மன்னிப்புக் கேட்டார். இத்தனை வருஷத் தொழிலில் அவர் தொப்பி கழற்றியது அதுதான் முதல் தடவை. நிமியாவை ஒரு வார்த்தை சொல்லவில்லை. “என் பொண்ணோட மெஷின் சரியில்ல. தப்பு என்னோடது. நம்ம மூணு பேருக்குமே புதுசா வாங்கிடலாம். நீதான் வரையிறவ, நீயே வந்து பொறுக்கு” என்றார்.

அந்த நல்ல மனசுக்கு முன்னால் அவள் வாயைத் திறந்திருக்கலாம். திறக்கவில்லை.

புறப்படுவதற்கு முன்னால் ஆபீஸில் ஒரு சுற்று தெரெரே ஓடியது. அப்புறம் தோன் அப்பாரிசியோவும் நிமியாவும் வண்டியில் கடைவீதிக்குப் போனார்கள். எல்லைப் பாலத்துக்கு அந்தப் பக்கம் போசாதாஸிலிருந்து வந்த அர்ஜென்டினாக்காரர்கள் டிவியும் டயருமாக வீதியையே காலி பண்ணிக்கொண்டிருந்தார்கள். நிமியா கடைக்குள் நுழைந்ததும் நேராக மூலையிலிருந்த ஒரு கறுப்பு லேப்டாப்பிடம் போய் நின்றாள். நடுவில் சிவப்பு மச்சம். பார்த்ததும் அவளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

கடைக்காரர் சிரித்தார். “அதையா அக்கா? அது வயசான வக்கீலுங்க கேக்கிறது. இங்க பாருங்க, இந்த வெள்ளி கலரு. டச்பேட் எம்மாம் பெருசு! இதுல கால்பந்தே ஆடலாம். மூணு பீஸ் கையில இருக்கு, இன்னிக்கே எடுத்துட்டுப் போயிடலாம்.”

“அந்தக் கறுப்பு விலை கூடவா?” என்று தோன் அப்பாரிசியோ கேட்டார்.

“கூடத்தான் ஐயா. அதுலயும் டச்பேட் இருக்கு, ஆனா சின்னது. அந்தக் குமிழுக்குத்தான் காசு புடுங்குறானுங்க.”

“ஏன்மா, உனக்கு அதுதான் வேணுமா? பார்க்கவே சவப்பெட்டி மாதிரி இருக்கு.”

“பழகிடுச்சு தோன்.”

“பழக்கம்தானே? நான் சிகரெட்டையே விட்டேன். இந்த வெள்ளியைக் கொஞ்சம் தொட்டுப் பாரு.”

தொடாமல் எப்படி இருப்பது? கைப்பைக்குள் கையை விட்டுக் கைக்குட்டையில் விரலைத் துடைத்தாள், எடுத்து டச்பேடில் வைத்தாள். பயந்தால் இன்னும் அதிகமாக ஊறும் என்பது அவள் கைக்கு உள்ள குணம். அம்பு ஒரு மூலைக்குப் பறந்தது, திரும்பி வந்தது, எதையோ திறந்தது, எதையோ மூடியது. தோன் அப்பாரிசியோ அவளை நகர்த்திவிட்டுத் தன் தடித்த விரலை வைத்தார். அம்பு சாதுவாக நகர்ந்தது. “எனக்கு ஒழுங்காத்தானே போவுது? உனக்கு மட்டும் ஏன்மா குதிக்குது?” என்று அவள் கையைப் பார்த்தார்.

கையைப் பார்த்தார். அதுதான் நிமியாவுக்குத் தாங்கவில்லை. கை தானாக முதுகுக்குப் பின்னால் போனது, வாய் தானாகப் பேசியது.

“கை ஈரம் தோன். தெரெரே. ஞா பிளாசிதா ததும்பத் ததும்ப ஊத்துவாங்க இல்ல, வழிஞ்சு கையெல்லாம் ஆகிடும். நாள் பூரா இப்படித்தான்.”

தெரெரே குடித்து முக்கால் மணி நேரம் ஆகியிருந்தது. எங்கள் ஊர் வெயிலில் நனைத்த துணியே அதற்குள் காய்ந்துவிடும். ஆனால் கடைக்காரர் உதவிக்கு வந்தார், கேட்காமலே. “அப்படிச் சொல்லுங்க! ஒரு சொட்டுத் தண்ணி பட்டாப் போதும், இதுக்குக் கிறுக்குப் புடிச்சிடும்.”

தோன் அப்பாரிசியோவின் முகம் மெதுவாக மாறியது. “அப்போ அந்தக் கம்பிரெத்தா கோடு... அதுவும் இந்தத் தண்ணிதானா?”

நிமியா தரையைப் பார்த்தாள். “இருக்கலாம்” என்றாள்.

ஒரே ஒரு வார்த்தை. ஆமாம் என்றுகூட அவள் சொல்லவில்லை. பிற்பாடு தனக்குத் தானே சமாதானம் சொல்லிக்கொள்ள அது கொஞ்ச நாள் உதவியது. மச்சம் வைத்த கறுப்பு லேப்டாப் மூன்று வாங்கினார்கள். இரண்டை வரவழைத்துத் தர வேண்டியிருந்தது. திரும்பி வருகிற வழியில் அவள் மடியில் புதுப் பெட்டி இருந்தது, அட்டையில் அவளுடைய இரண்டு கையும் பதிந்திருந்தன.

ஆபீஸுக்குள் கால் வைத்ததும் அவர் ஆரம்பித்தார். “இன்னையிலேர்ந்து இந்த ரூமுக்குள்ள தெரெரே கிடையாது. குவளை, ஜாடி, எதுவும் கண்ணுல படக் கூடாது. ஞா பிளாசிதா, உன் தாராளக் கையால ஒரு மாமரம் வேலி தாண்டிப் போச்சு, தெரியுமா? நான் தொப்பியைக் கழட்ட வேண்டியதாப் போச்சு.”

“என் கையாலயா?” என்றாள் பிளாசிதா.

“நீ வழிய வழிய ஊத்துறே, அந்த ஈரக் கையோட இவ மெஷினைத் தொடுறா, கோடு ஓடுது. நிமியாதான் சொன்னா.”

பிளாசிதா திரும்பி நிமியாவைப் பார்த்தாள். முறைக்கவில்லை. முறைத்திருந்தால் தேவலாம். ஒரு மளிகைக்காரர் எடை போடுகிற மாதிரி நிதானமாகப் பார்த்துவிட்டு, “சரி தோன்” என்று ஜாடியை எடுத்துக்கொண்டு கொல்லைப்புறம் போய்விட்டாள். நிமியாவுக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. ஆனால் பிடுங்கிக்கொள்ளவில்லை, உட்கார்ந்து புது மெஷினைத் திறந்தாள்.

அதற்கப்புறம் அந்த ஆபீஸ் ஆபீஸாகவே இல்லை. தோன் அப்பாரிசியோ சூடான காப்பியைக் குடித்துக் குடித்து எல்லோர் மேலும் விழுந்து பிடுங்கினார். பிளாசிதா போனை எடுத்தாள், பெருக்கினாள், வாய் திறக்கவில்லை. முன்பெல்லாம் நிலத்துக்காரர்கள் வந்தால் முதலில் பிளாசிதாவிடம் போய் ஒரு குவளை வாங்கிக் குடித்துவிட்டுத்தான் மற்றதைப் பேசுவார்கள். இப்போது வந்தார்கள், வேலையைச் சொன்னார்கள், போனார்கள். “மாமரத்தை நனைச்ச அம்மா இதுதானா?” என்று ஒருவர் கேட்டுச் சிரித்தார். கம்பிரெத்தாவரைக்கும் கதை போயிருந்தது. பிளாசிதாவும் கூடச் சேர்ந்து சிரித்தாள்.

இஹினியோவுக்கோ மச்சம் பிடிபடவே இல்லை. “இந்த எழவெடுத்த குமிழைத் தொட்டா அம்பு தானா நகர்ந்துகிட்டே போவுது! மச்சக்காரி, உன் மச்சத்தால எனக்குத் தெரெரேயும் போச்சு, கண்ணும் போச்சு” என்று கத்துவான். நிமியா தலையைத் தூக்காமல் கோடு போடுவாள். விரல் ஊறினாலும் அம்பு சொன்ன இடத்தில் நிற்கிறது. அவள் கேட்டது கிடைத்துவிட்டது. ஒவ்வொரு தடவை அந்தச் சிவப்பைத் தொடும்போதும் வெட்கம் பிடுங்கித் தின்றது.

ஜனவரி கடைசியில் ஒரு மத்தியானம் கரண்ட் போனது. மின்விசிறி நின்றது, அறைக்குள் இருக்க முடியவில்லை. மூன்று பேரும் கொல்லையில் பம்பளிமாஸ் மரத்தடிக்கு வந்தார்கள். பிளாசிதா அங்கே தெரெரேவுக்கு மூலிகையை இடித்துக்கொண்டிருந்தாள். தோன் அப்பாரிசியோ நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்து, ஜாடியைப் பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்தார்.

“ரூமுக்குள்ளதானே தடை? இது கொல்லை” என்றான் இஹினியோ.

“நான் என்ன வேணாம்னா சொன்னேன்?” என்றார் தோன் அப்பாரிசியோ, அவசரமாக.

முதல் தண்ணீரை வழக்கப்படி புனித தோமையாருக்கு என்று ஊற்றி, இலை குடிக்கட்டும் என்று விட்டாள் பிளாசிதா. அடுத்தது தோன் அப்பாரிசியோவுக்கு. அவர் கண்ணை மூடிக்கொண்டு உறிஞ்சினார், ஏதோ ஊரிலிருந்து திரும்பி வந்தவர் போல. அடுத்து பிளாசிதா குவளையை நிரப்பி நிமியாவிடம் நீட்டினாள். விளிம்புக்குக் கீழே நிறுத்தி, ஒரு சொட்டு வழியாமல் நிரப்பியிருந்தாள். அதைப் பார்த்தாள் நிமியா. இவ்வளவுக்கும் அப்புறம் எனக்கு நீட்டுகிறாளே என்று நெஞ்சு பொங்கி, வாயில் வந்தது அந்த ஒரு வார்த்தைதான்.

“நன்றி, ஞா பிளாசிதா.”

நீட்டிய கை அப்படியே நின்றது. இஹினியோ விழுந்து விழுந்து சிரித்தான். “குடிக்கவே இல்ல, அதுக்குள்ள நன்றியா!”

எங்களிடம் குவளை சுற்றும்போது நன்றி சொன்னால் போதும், இனி வேண்டாம் என்று அர்த்தம். குடித்து முடித்துக் கிளம்புகிறவர்கள் கடைசியாகத் திருப்பிக் கொடுக்கும்போது சொல்கிற வார்த்தை அது. நடுவில் எத்தனை குவளை வாங்கினாலும் யாரும் நன்றி சொல்ல மாட்டார்கள். குழந்தைக்குக்கூடத் தெரியும். பிளாசிதா குவளையை இஹினியோவிடம் கொடுத்தாள். அது தோன் அப்பாரிசியோவுக்குப் போனது, நிமியாவைத் தாண்டியது, மறுபடி இஹினியோவுக்குப் போனது.

“வாய் தவறி வந்துடுச்சு, பாவம். அவளுக்கும் குடு” என்றார் தோன் அப்பாரிசியோ.

“நன்றி சொன்னா அதுக்கு ஒரு காரணம் இருக்கும் தோன்” என்றாள் பிளாசிதா, குவளையைப் பார்த்துக்கொண்டே. “எதுக்குச் சொன்னாளாம்னு கேளுங்க.”

மூன்று பேரும் நிமியாவைப் பார்த்தார்கள். இனி அவிழ்வதற்குச் செருப்பு வாரும் இல்லை. அவள் இரண்டு கையையும் மடியிலிருந்து எடுத்து, உள்ளங்கை மேலே தெரிய நீட்டினாள். வெயிலில் பளபளத்தது.

“தெரெரே இல்ல தோன். என் கைதான். சின்னதுலேர்ந்தே இப்படித்தான். அந்தக் கோட்டை இழுத்ததும் இதுதான். ஞா பிளாசிதா ஒரு சொட்டு சிந்துனது இல்ல. நான்தான் பொய் சொன்னேன்.” நீட்டிய கையை மடக்கவில்லை. “மச்சம் வெச்சது வேணும்னு கேக்க வெட்கமா இருந்துச்சு.”

பெரிய ரகசியத்தை உடைத்துவிட்டதாக நினைத்தாள். யாரும் ஆச்சரியப்படவில்லை.

“உன் கை வேர்க்கும்னு தெரியும்மா” என்றார் தோன் அப்பாரிசியோ, மெதுவாக. “வேலைக்குச் சேர்ந்த அன்னிக்கே கை குலுக்கினோமே. அதனாலதான் வர்றவங்க கிட்ட உன்னைக் கை குலுக்க விடாம நானே முந்திக்குவேன். ஆனா நீ தண்ணின்னு சொன்னே, தண்ணின்னு நம்பினேன். நீ பொய் சொல்லுவேன்னு தோணல. கை வேர்க்குது, எனக்கு அந்தக் குமிழ்தான் சரின்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, கேள்வி கேட்காம வாங்கியிருப்பேனே.”

“எனக்கும் தெரியும்” என்றான் இஹினியோ. அவன் கிண்டல் பண்ணாததுதான் ரொம்ப வலித்தது.

நிமியா பிளாசிதாவைப் பார்த்தாள். “அப்போ நீங்க ஏன் அன்னிக்கே சொல்லல?”

“என்னன்னு சொல்றது? உன் கையைப் பத்தித்தானே சொல்லணும்? நாள் பூரா குவளையை நனைச்சுத் திருப்பிக் குடுக்கிறவ நீ. நான் துடைச்சுட்டு அடுத்தவங்களுக்குக் குடுப்பேன். உன் எதிர்ல துடைச்சது இல்ல, திரும்பி நின்னு துடைப்பேன். இத்தனை வருஷம் காப்பாத்தினதை அன்னிக்கு நடு ஆபீஸ்ல போட்டு உடைக்கச் சொல்றியா?” பிளாசிதா குவளையில் தண்ணீர் ஊற்றவில்லை. “உன் கைக்காக நான் எவ்வளவு பார்த்தேன். நீ என் கையைக் காட்டிக் குடுத்துட்டியே, மகளே.”

கையைப் பற்றி ஆயுசு முழுக்கப் பட்ட வெட்கமெல்லாம் வெட்கமே இல்லை என்று நிமியாவுக்கு அப்போதுதான் தெரிந்தது. இதுதான் வெட்கம். இதற்குக் கைக்குட்டை உதவாது.

பிளாசிதா ஜாடியையும் குவளையையும் தூக்கி நிமியாவின் மடியில் வைத்தாள். “இன்னிக்கு நீ ஊத்து.”

“நானா? என் கை...”

“ஊத்துன்னா ஊத்து.”

ஊற்றினாள். முதல் குவளை நிஜமாகவே வழிந்தது. தோன் அப்பாரிசியோ அந்த ஈரக் குவளையை அப்படியே வாங்கிக் குடித்துவிட்டு, நன்றி சொல்லாமல் திருப்பிக் கொடுத்தார், இன்னொன்று வேண்டும் என்கிற மாதிரி. இஹினியோ வாங்கிக் குடித்தான். “ஞா பிளாசிதா ஊத்துறதைவிட ருசியா இருக்கே, உப்புப் போட்டியா?” என்றான். யாரும் சிரிக்கவில்லை, ஆனால் சொன்னானே என்று நிமியாவுக்கு இருந்தது. மூன்றாவது குவளையைப் பார்த்துப் பார்த்து, விளிம்புக்குக் கீழே நிறுத்தி, இரண்டு கையாலும் பிளாசிதாவிடம் நீட்டினாள்.

பிளாசிதா வாங்கினாள். துடைக்கவில்லை. அடியில் குறட்டைச் சத்தம் வருகிறவரைக்கும், ஒரு சொட்டு மீதி வைக்காமல் உறிஞ்சினாள். குவளையைத் திருப்பி நிமியாவின் ஈரக் கையிலேயே வைத்தாள்.

“நன்றி” என்றாள். எழுந்து, பாவாடையைத் தட்டிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

பின்னாலேயே ஓட வேண்டும் போல இருந்தது நிமியாவுக்கு. ஆனால் ஊற்றுகிறவள் நடுவில் எழுந்து போகக் கூடாது. தோன் அப்பாரிசியோ கை நீட்டிக்கொண்டு காத்திருந்தார். அவள் குவளையில் தண்ணீரை ஊற்றி அவரிடம் கொடுத்தாள்.